பழைய காரில் கியர் தடியைச் சுற்றி வரும் சூட்டை எப்படிக் குறைப்பது?

நீங்கள் கேட்டது இது: பழைய கொரொல்லா டிஎக்ஸ் வேகன். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஓடினால், பாதி வழியிலேயே கியர் தடியின் அடி கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது, இடது கால் வேகிறது. கார்ப்பெட்டுக்குக் கீழே சூடு தடுக்கும் ஷீட் ஒட்டினால் சரிவருமா?

ஒட்டலாம், ஆனால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன்னம் சூடு எந்த வழியால் உள்ளே வருகிறது என்று கண்டுபிடியுங்கள். சூட்டுக்கு வழி இருந்தால் சைலன்சர் புகைக்கும் அதே வழிதான். எனக்குச் சூட்டை விட இதுதான் பெரிய கவலை.

எங்கள் வீட்டிலும் இதே வேகன்தான், மாங்குளம் முல்லைத்தீவு வீதியில் ஓடுகிறது. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் திரும்பத் திறந்தது. அதனால் வன்னியில் பழைய காரைக் கைவிடாமல் ஓடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலருக்கும் இந்தத் தொல்லை இருக்கிறது.

இந்தக் கார் பின்சக்கரத்தில் ஓடுவது. கியர்பொக்ஸும் அதற்குப் பக்கத்தில் சைலன்சர் பைப்பும் இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே காரின் தரை உயர்ந்திருக்கும் மேட்டுக்குக் கீழே போகின்றன. ரேடியேட்டரைத் தாண்டி வரும் கொதி காற்றும் எஞ்சினைச் சுற்றிக்கொண்டு அந்த மேட்டுக்கு அடியால்தான் வெளியேறுகிறது. மேட்டின் உச்சியில் கியர் தடிக்காக ஒரு பெரிய ஓட்டை. அதை மூடுவது ஒரு ரப்பர் மட்டும். கண்ணுக்குத் தெரிகிற தோல் உறை அழகுக்கு. அதைக் கழற்றினால் கீழே அந்த ரப்பர் ஒரு தட்டுடன் சேர்த்துத் திருகப்பட்டிருக்கும். காற்றை மறிப்பது அந்தக் கீழ் ரப்பர்தான். நாற்பது வருடத்தில் அது வெடித்துப் போயிருக்கும், அல்லது கியர்பொக்ஸ் வேலை செய்த யாரோ திரும்பப் போடாமலே விட்டிருப்பார்கள்.

வன்னியில் இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கிரவல் றோட்டில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கொஞ்சத் தூரம் ஓடி, கியர் தடியின் தோல் உறையைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே செம்புழுதி படிந்திருந்தால் கீழ் ரப்பர் போய்விட்டது. இரவில் ஒருவரைக் காருக்கு அடியில் டோர்ச் அடிக்கச் சொல்லி, நீங்கள் உள்ளே இருந்து பார்த்தாலும் ஓட்டைகள் எல்லாம் தெரியும். கிளட்ச் கேபிள், வயர்கள் வரும் துளைகளையும் விடாதீர்கள்.

அடுத்தது புகை. நான் முதலில் சூட்டைப் பற்றித்தான் மாங்குளம் கராச்சில் கேட்டேன். அங்கிருந்த அண்ணை, "தம்பி, சூட்டைப் பிறகு பாப்பம், முதல் புகை எங்கால வருதெண்டு பார்" என்றார். எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் ஸ்டார்ட் செய்து, தடித்த ஈரத்துணியால் சைலன்சர் வாயைச் சில விநாடி மட்டும் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். ஒழுக்கு இருந்தால் முன்பக்கம் "ஸ்ஸ்" என்று கேட்கும். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிபோல்ட்டும் சைலன்சர் பைப்பும் சேரும் இடத்தில் கறுப்புக் கரி படிந்திருந்தாலும் அதே அர்த்தம்தான். எங்கள் காரில் இரண்டும் இருந்தன. அந்த இடத்தை அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றி, துருப்பிடித்த நட்டுகளுக்குப் புதிது போட்டதுமே சூடு பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெற்றோல் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கார்பரேட்டர் வைத்த பழைய எஞ்சின் அதை நிறையவே கக்கும். அது முதலில் தருவது தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், நித்திரைக் குணம். சித்திரை வெயிலில் ஏ9இல் ஓடுகிறவருக்கு இதெல்லாம் வந்தால் "வெயில் பிடிச்சிட்டுது" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கினால் வெக்கைக்குத் தூங்குகிறார்கள் என்று நினைப்போம். காரில் ஏறினால் வருகிற தலையிடி இறங்கிக் கொஞ்ச நேரத்தில் விட்டுப்போகிறது என்றால், ஒழுக்கைத் திருத்தும் வரை அந்தக் காரை ஓடவே வேண்டாம்.

வேகன்காரருக்கு இன்னொன்று. பலகையோ நெல் மூட்டையோ ஏற்றி, பின்கதவைத் திறந்தபடி கயிற்றால் கட்டிக்கொண்டு ஓடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படி ஓடும்போது காரின் பின்னால் சுழலும் காற்று சைலன்சர் புகையை நேரே உள்ளே இழுத்து வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சரி, ஒழுக்கு இல்லை என்று உறுதியாகிவிட்டது. அப்புறம் ரப்பர். அசல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் லொறி ரியூப்பை வெட்டி இரண்டு மடிப்பாகப் போடலாம், பழைய தட்டையே மேலே வைத்துத் திருகினால் போதும். தடிக்கு விடும் துளை இறுக்கமாக இருக்கட்டும், ஆனால் ரப்பரைத் தளர்வாக விடுங்கள். இழுத்துக் கட்டினால் ரிவேர்ஸ் விழாது, ஓடும்போது கியர் கழன்று வரவும் பார்க்கும். தட்டின் விளிம்புக்கு உயர் சூடு தாங்கும் சிலிக்கன் பூசுங்கள். முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ரப்பரைச் சுற்றிக் கொண்டுபோங்கள். புகை ஓரிடத்தில் மேல்நோக்கித் தள்ளப்பட்டால் அங்கே இன்னும் காற்று வருகிறது.

காருக்குக் கீழே படுத்துப் பார்க்கும்போது சைலன்சர் பைப் மேட்டை ஒட்டிக்கொண்டு போகிறதா என்றும் கவனியுங்கள். கியர்பொக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் நசிந்தால் எல்லாம் இடம் மாறி, பைப் தகரத்தில் முட்டும். முன்பு வெல்டிங் செய்தவர் பைப்பை வளைத்த விதமும் காரணமாக இருக்கலாம். சூட்டைத் தடுக்க அசலாக இருந்த தகரத்தைக் கிரவல் கல்லும் மாரி வெள்ளமும் முல்லைத்தீவுக் கடற்காற்றும் எப்போதோ தின்றிருக்கும். புதிதாக அலுமினியத் தகரம் வெட்டி, பைப்புக்கும் காரின் தரைக்கும் நடுவில் போல்ட் போட்டுப் பூட்டலாம். தகரத்தைத் தரையோடு ஒட்ட வேண்டாம், வாஷர்களை அடுக்கி ஒரு சென்ரிமீற்றராவது இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் ஓடும் காற்றுத்தான் பாதி வேலையைச் செய்கிறது. பைப்பில் பழைய அஸ்பெஸ்டஸ் கயிறு சுற்றச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதன் தூசு புற்றுநோய் தருவது.

ஹீட்டரையும் பாருங்கள். நாம் அதை மறந்துபோவது வழக்கம், ஏனென்றால் இங்கே யாரும் அதைப் போடுவதில்லை. ஜப்பான் கார்களில் அது கியர் தடிக்கு நேர் முன்னால், டாஷ்போர்ட்டுக்குக் கீழே இருக்கிறது. அதன் வால்வு சரியாக மூடாவிட்டால் எஞ்சினின் சுடுதண்ணீர் நாள் முழுவதும் அதற்குள் ஓடும். எஞ்சின் பக்கமிருந்து போகும் இரண்டு ஹோஸ்களையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ஹீட்டர் மூடியிருந்தும் இரண்டும் சமமாகக் கொதித்தால் அந்த வால்வைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் ஆறிய பிறகு இரண்டு முனைகளையும் ஒரே ஹோஸால் இணைத்துவிட்டால் ஹீட்டருக்குத் தண்ணீர் போகாது. வன்னிக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

கியர்பொக்ஸ் ஓயில் குறைந்தாலும் பெட்டி சூடாகும். பெட்டியின் பக்கவாட்டில் உள்ள நட்டைக் கழற்றி விரலை விட்டால் ஓயில் துளையின் விளிம்பில் தொட வேண்டும். பால் மாதிரி இருந்தால் வெள்ளத்தில் தண்ணீர் போயிருக்கிறது, மாற்றுங்கள். எஞ்சின் டைமிங்கையும், அதாவது பிளக் பொறி விடும் நேரத்தையும், ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வன்னியில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் உண்டு. எஞ்சின் இடிக்காமல் இருக்க டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுவதுதான் வழக்கமான வைத்தியம். உங்கள் கார் அந்தக் காலத்தது என்றால், இன்னும் அப்படியே இருக்கக்கூடும். டைமிங் பிந்தினால் சைலன்சர் பைப் அளவுக்கு மீறிச் சூடாகும்.

இவ்வளவும் முடிந்த பிறகு நீங்கள் கேட்ட ஷீட். கார்ப்பெட்டைக் கழற்றித் தரையில் துரு இருந்தால் சுரண்டிப் பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள். பிறகு அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டில் ரப்பர் ஷீட்டை மேட்டின் இரு பக்கமும் ஒட்டுங்கள். ஹாட்வெயாரில் கூரைக்கு விற்கும் ஃபோம் மலிவுதான், ஆனால் பைப்புக்கு மேலே உள்ள இடத்தில் அது இளகிவிடும். ரெஜிஃபோம், ஸ்பொன்ஜ் இரண்டும் தீப்பிடிப்பவை, அவை வேண்டவே வேண்டாம்.

எல்லாம் செய்தாலும் மேடு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், கியர்பொக்ஸ் சூடாகும் பொருள்தானே. மதிய வெயிலில் ஒரு மணிநேரம் ஓடியபின் மேட்டில் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிந்தால் போதும், அதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை.