குளிர்காலத்தில் பள்ளி செல்லும் பிள்ளைகளை நோயிலிருந்து எப்படிப் பாதுகாப்பது?

தொடக்கப்பள்ளியில் பாடம் எடுக்கிறேன், வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சளியே பிடிக்காமல் பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு. அதில் பெரும்பாலானவை குளிர் மாதங்களில்தான் வரும். ஆகவே 'எதிர்ப்புச் சக்தி டானிக்' தேடி அலைய வேண்டாம். உங்கள் கையில் உண்மையிலேயே இருப்பது, இன்று பள்ளிக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று காலையில் எடுக்கும் முடிவு.

இரவெல்லாம் காய்ச்சல் அடித்த பிள்ளைக்குக் காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்புவார்கள். முதல் இரண்டு பாடவேளை ஓடியாடும். மருந்தின் வீரியம் குறைந்ததும் மேசையில் தலை சாய்த்துவிடும். அதற்குள் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பரவ வேண்டியது பரவியிருக்கும். லீவு கிடைக்காத பெற்றோரின் நெருக்கடி தெரியும், நானும் அதே நிலையில் இருந்திருக்கிறேன். ஆனால் ஃப்ளூ வைரஸ் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கும், முதல் மூன்று நான்கு நாட்களில்தான் மிக வேகமாகப் பரவும்.

நான் பின்பற்றும் கணக்கு இது. காய்ச்சல் மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து, பிள்ளையும் தெளிவாக இருந்தால் அனுப்பலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம் வீட்டில்தான். வெறும் மூக்கொழுகலும் லேசான இருமலும் இருந்து, விளையாட்டும் சாப்பாடும் வழக்கம்போல இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். சளிக்குப் பிறகு இருமல் இரண்டு மூன்று வாரம்கூட நீடிக்கும், அதற்காக அத்தனை நாளும் வீட்டில் வைக்க முடியாது. (ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும் பழக்கத்தைப் பள்ளிகள் நிறுத்தினால், இதில் பாதிச் சிக்கல் தீரும் என்பது என் கட்சி.)

கை கழுவுவதைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள். வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸுக்கு முன் ஆல்கஹால் சானிடைசர் அவ்வளவாக எடுபடாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும், 20 விநாடி தேய்க்க வேண்டும். பையில் குட்டி பாட்டில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சாப்பிடும் முன்னும் கழிப்பறை போய் வந்த பின்னும் சோப்பு போடப் பழக்குங்கள்.

குளிர் என்று வகுப்பறை ஜன்னல்களை எல்லாம் இறுக்கி மூடிவிடுகிறோம். ஒருவர் விட்ட மூச்சை எல்லோரும் இழுக்கும் அறையில் வைரஸுக்குக் கொண்டாட்டம்தான். குளிர்ந்தாலும் நான் ஒரு ஜன்னலைச் சற்றே திறந்து வைப்பேன், ஸ்வெட்டரைக் கழற்ற விட மாட்டேன்.

ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் சீசனுக்கு முன்பே போடுவது நல்லது, ஏனென்றால் பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். 9 வயதுக்குக் குறைந்த பிள்ளை முதல் முறை போடுவதாக இருந்தால், நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவைப்படும். மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சளி பச்சையாகிவிட்டது என்று ஆன்டிபயாடிக் கேட்டு நிற்காதீர்கள். நிறத்தை வைத்து பாக்டீரியா என்று சொல்லிவிட முடியாது, வைரஸை அந்த மருந்து எதுவும் செய்யாது. மருத்துவர் சொல்லாமல் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஃப்ளூ, சின்னம்மை சமயத்தில் அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் சிண்ட்ரோம் என்ற ஆபத்தில் கொண்டுபோய்விடக்கூடும்.

மூச்சு வாங்குவது, மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்கிடையே குழி விழுவது, உதடு நீலமாவது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, எழுப்பினாலும் சரியாக விழிக்காதது, வலிப்பு: இதில் எதைப் பார்த்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். காய்ச்சல் விட்டு, தேறியது போலிருந்து, மறுபடி அதிகமாக வந்தாலும் அப்படித்தான்.

ஆசிரியராக ஒரு வேண்டுகோளும் உண்டு. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கிறது, எப்போது கொடுக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். பள்ளியில் பகலில் நீங்கள் எடுக்கக்கூடிய எண்ணைக் கொடுத்து வையுங்கள். மாற்றினால் மறக்காமல் தெரிவியுங்கள்.