ரெண்டு கார்டு போட எந்த போர்டு? கேள்வி பதில்

காட்பாடி: அண்ணா, நான் பாத்த மதர்போர்டுல நீள ஸ்லாட் மூணு இருக்கு. மூணு கிராபிக்ஸ் கார்டு போடலாமா?

நீளத்தப் பாத்து ஏமாறாத தம்பி, உள்ள எத்தன லேன் (டேட்டா போற பாதை) ஓடுதுன்னு பாரு. ஏஎம்4 சாக்கெட்ல உக்கார்ற ஏஎம்டி ரைசன் பிராசஸர் கிராபிக்ஸுக்குன்னு ஒதுக்கறது 16 லேன்தான். நல்ல போர்டு அத எட்டு எட்டாப் பிரிச்சு ரெண்டு ஸ்லாட்டுக்கும் தரும். மலிவான போர்டு பதினாறையும் மேல் ஸ்லாட்டுக்கே கொடுத்துட்டு, கீழ சிப்செட்லருந்து (போர்டுலயே இருக்கற துணைச் சிப்) நாலு லேன இழுத்து வுட்டுடும். எஸ்எல்ஐக்கு, அதாவது என்விடியா கார்டு ரெண்டச் சேத்து ஓட்டற முறைக்கு, கார்டுக்கு எட்டு லேன் கட்டாயம், நாலுல ஓடாது. எக்ஸ்570னு உசத்தி சிப்செட் பேர் இருந்தாலே பிரிக்கும்னு நம்பாத, அதுலயும் மலிவானது பிரிக்காது. மேனுவல எறக்கி, ஸ்லாட் பக்கத்தப் படிச்சுட்டு அப்புறம் துட்டக் கொடு.

ஆம்பூர்: ஆர்டிஎக்ஸ் 4070 ரெண்டு போட்டா வேகம் டபுளா?

இல்லப்பா. 40 வரிசை கார்டுல, ரெண்டு கார்டயும் இணைக்கற பிரிட்ஜ மாட்ட இடமே கிடையாது. 2021 ஜனவரியிலருந்து புது கேமுக்கு எஸ்எல்ஐ புரொஃபைல் (கேம ரெண்டு கார்டுல ஓட்ட டிரைவர்ல வைக்கற செட்டிங்) போடறதையும் என்விடியா நிறுத்திடுச்சு. அந்தத் துட்டுக்கு ஒரே பெரிய கார்டு வாங்கு.

குடியாத்தம்: பழைய ஜிடிஎக்ஸ் 1080 ரெண்டு சும்மா கிடக்குது. ஆசைக்கு ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும்ணா.

ஆசைக்குன்னா சரி. பழைய கேம் சிலது நல்லாவே ஓடும். ஆனா கார்டு மெமரி 8 ஜிபியும் 8 ஜிபியும் சேந்து 16 ஆகாது, ரெண்டு கார்டும் ஒரே சரக்கத்தான் வச்சிருக்கும். எஸ்எல்ஐ ஆதரவு உண்டுன்னு போட்டிருக்கற போர்டாப் பாரு, ரெண்டு ஸ்லாட்டுக்கும் நடுவுல எடம் தாராளமா இருக்கணும். நான் ஒட்டி ஒட்டி மாட்டிட்டு, நம்மூர் மே மாசத்துல கேபினட் கதவக் கழட்டி டேபிள் ஃபேன வச்சு ஓட்டுனவன். கீழ் கார்டு வுடற அனல மேல் கார்டு குடிக்கும். கார்டு ஒண்ணு 180 வாட்ஸ், அதனால 750 வாட்ஸ் பவர் சப்ளைக்குக் கம்மியா வாங்காத.

ராணிப்பேட்டை: அதுக்கு வீட்ல இருக்கற 600 விஏ யுபிஎஸ் தாங்குமா சார்?

கேம் நடுவுல கரெண்டு போனா யுபிஎஸ்ஸும் கூடவே போயிடும்.

ஆற்காடு: பழைய இன்டெல் போர்டு ஒண்ணு கைமாத்துறாங்க. வாங்கலாமாண்ணா?

பிராசஸர் உக்கார்ற எடத்துல டார்ச் அடிச்சுப் பாரு. இன்டெல்ல பின்னு போர்டுலதான் இருக்கும், ஒண்ணு வளைஞ்சிருந்தாக் கூட வேணாம். ரெண்டு ஸ்லாட்லயும் கார்ட மாத்தி மாத்திப் போட்டு, ஜிபியு-இசட்ங்கற சாஃப்ட்வேர்ல லேன் எத்தனன்னு அவங்க வீட்லயே பாத்துட்டு எடுத்துட்டு வா.