ஒரு ஏக்கர் பூ: கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

பாபநாசம் பக்கம் தாத்தா நிலம் ரெண்டு ஏக்கர், இத்தன வருஷமா குறுவை, சம்பான்னு குத்தகைக்கு விட்டிருந்தோம். சென்னை வேலைய விட்டுட்டு நானே இறங்கலாம்னு இருக்கேன். ஒரு ஏக்கர் இயற்கை காய்கறி, ஒரு ஏக்கர் ஃபுல்லா மல்லி, சம்பங்கி. பூவையும் மருந்தில்லாம வளர்த்தா ரேட் கூட கெடைக்கும்ல?

(பேர் வேணாம்னு சொன்ன வாசகர்)

தம்பி,

கடைசி கேள்விக்கு மொதல்ல சொல்லிடறேன், கெடைக்காது. மருந்தடிக்காத கத்திரிக்காய்க்கு கூடுதலா காசு குடுக்க கும்பகோணத்துல ஆள் இருக்காங்க, ஏன்னா அது வயித்துக்குள்ள போகுது. பூவுக்கு யாரும் அத கேக்கறதில்ல, கமிஷன் கடைக்காரருக்கு மொட்டு திரட்சியா இருக்கா, எத்தன மணிக்கு வந்துச்சு, அவ்ளோதான். ஆனாலும் மருந்து அடிக்காதீங்க, மொட்டுப்புழுவுக்கு அடிக்கிற மருந்து விடிகாலைல வெறுங்கையால பறிக்கிற பொம்பளைங்க மேலதான் மொதல்ல ஏறும்.

ஒரு ஏக்கர் மல்லி வேணவே வேணாம். வெயில் ஏறுறதுக்குள்ள மொட்டா பறிச்சாகணும், சித்திரைல செடி கொட்டும் ரேட் படுத்துரும், மார்கழில ரேட் எகிறும் ஆனா உங்ககிட்ட பூ இருக்காது, இதுக்கு நடுவுல நடவு வந்துட்டா ஆளும் கெடைக்காது. மொதல்ல அஞ்சு சென்ட் சம்பங்கி போடுங்க. மாலைக்கு, வாசத்துக்கு ஒத்தை சம்பங்கிதான், அடுக்கு சம்பங்கி தண்டோட வெட்டி விக்கிறதுக்கு, அடி மொட்டு ஒண்ணு ரெண்டு விரிஞ்சதும் வெட்டி உடனே தண்ணில வைக்கணும். கிழங்கு 25-30 கிராம் இருக்கணும், தோண்டுன உடனே நடாம ஒரு மாசம் நிழல்ல போட்டு வச்சு நடுங்க. ஓரத்துல செண்டுமல்லி போட்டா வேர்ல வர நூற்புழு கொறையும், ஆயுத பூஜைக்கு விக்கவும் ஆகும்.

எனக்கு பயம் உங்க மண்ணுதான். வருஷக்கணக்கா சேறடிச்ச வயல்ல கீழ ஒரு கெட்டி தட்டு இருக்கும், தண்ணி எறங்காது. ஒரு முழம் ஆழத்துக்கு குழி வெட்டி, சாயங்காலம் தண்ணி ரொப்பி காலைல போய் பாருங்க, அப்படியே நின்னா மேட்டுப்பாத்தியும் வடிகாலும் இல்லாம கிழங்கத் தொடாதீங்க. ஐப்பசில சுத்தி சம்பா வயல்ல தண்ணி நிக்கிறப்போ உங்க வயல் மட்டும் எப்படி காயும்? கிழங்கு அழுகி நாறும், கத்திரி வாடிரும். மொத போகத்துக்கு பசுந்தாள் உரமா தக்கைப்பூண்டு விதைச்சு பூக்குறப்போ மடக்கி உழுதுட்டு அப்புறம் ஆரம்பிங்க.

இயற்கை விளைச்சல்னு குடுக்கற சர்ட்டிஃபிகேட்டுக்கு இப்பவே அலையாதீங்க. பிஜிஎஸ்ல (விவசாயிங்களே குழுவா சேந்து ஒருத்தர் வயல ஒருத்தர் பாத்து சான்று குடுக்கற முறை) சேர குறைஞ்சது 5 விவசாயிங்க குழுவா வேணும், தனியா வாங்கறதுன்னாலும் காய்கறிக்கு 2 வருஷம் மாறுகாலம் உண்டு, அதாவது இயற்கை முறைக்கு மாறி அவ்ளோ நாள் காத்திருக்கணும். அதுக்குள்ள காய் வாங்கற அதே வீடுகளுக்கு வெள்ளிக்கிழமைல நாலு முழம் கட்டுன பூவும் குடுத்துப் பாருங்க, சந்தைக்கு கொண்டு போறதவிட அதுல கையில காசு நிக்கும்னு நெனைக்கிறேன்.