போரை எழுதுவதும் வரைவதும் காட்டுவதும்: கேள்வி பதில்

கேள்வி: மகன் செத்துக் கிடப்பதைப் பார்த்துத் தாய் மகிழ்கிறாள் என்று புறநானூற்றில் வருகிறதே. இது போர் வெறி இல்லையா?

நீங்கள் சொல்வது 278ஆம் பாடல், காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. ‘ஈன்ற ஞான்றினும் பெரிது உவந்தனளே’ என்றுதான் முடிகிறது. புறமுதுகு காட்டாமல் சாவதே பெருமை என்ற அந்தக் காலத்து நம்பிக்கையைப் பாட்டு மறுக்கவில்லை. நாமும் மழுப்ப வேண்டாம். ஆனால் அந்தக் கடைசி அடிக்கு முன்னால் நடப்பதைப் பாருங்கள். நரம்பு புடைத்து வற்றிப்போன தோளோடு ஒரு கிழவி, கையில் வாளுடன், களத்துப் பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். மகன் துண்டு துண்டாகக் கிடக்கிறான். ஜெயித்த அரசன் யார் என்று பாட்டில் ஒரு பேச்சே இல்லை. எத்தனை முறை படித்தாலும் என் மனதில் நிற்பது அவள் தேடுவதுதான், மகிழ்வது அல்ல.

அப்படியே 45ஆம் பாடலையும் படியுங்கள். உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி, வெளியே முற்றுகையிட்டு நலங்கிள்ளி, இருவருமே சோழர். எதிரில் நிற்பவன் சேரனின் பனம்பூவும் சூடவில்லை, பாண்டியனின் வேம்பும் சூடவில்லை, இருவர் தலைமாலையும் சோழரின் ஆத்திதான் என்கிறார் புலவர் கோவூர் கிழார். ‘ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே.’ படையோடு நிற்கும் அரசர்களிடம் ஒரு புலவர் இதைச் சொல்கிறார். இதுவும் புறநானூறுதான்.

கேள்வி: இவ்வளவு கனமான விஷயத்தைக் காமிக்ஸ் தாங்குமா?

தாராளமாகத் தாங்கும். ஜப்பானியக் காமிக்ஸ் ஓவியர் கெய்ஜி நகசாவா, ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது ஆறு வயதுப் பையன். அவருடைய ‘பேர்ஃபூட் ஜென்’ 1973இல் சிறுவர்களுக்கான வார இதழில் தொடராக வர ஆரம்பித்தது. இடிந்த வீட்டுக்கு அடியில் அப்பா, அக்கா, தம்பி மாட்டிக்கொள்ள, தீ நெருங்கி வருகிறது. கதையின் நாயகனான சிறுவன் ஜென்னும் அம்மாவும் அவர்களை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கிறது. அது நகசாவாவின் சொந்தக் குடும்பத்துக்கே நடந்தது. சினிமாவில் அந்தக் காட்சி சில நிமிடங்களில் கடந்துவிடும். காமிக்ஸில் பக்கத்தைத் திருப்ப வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: என் பையனுக்குப் பன்னிரண்டு வயது. கொடுக்கலாமா?

முதலில் நீங்கள் படித்துவிடுங்கள். தோல் உரிந்து தொங்க மனிதர்கள் நடந்து வரும் படங்கள் அதில் உண்டு. கொடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

கேள்வி: போரை எதிர்க்கும் படங்கள்கூடப் பார்க்க விறுவிறுப்பாகத்தானே இருக்கின்றன?

உண்மை, அதுதான் சினிமாவின் பெரிய சிக்கல். வெடிச் சத்தமும் பின்னணி இசையும் சேர்ந்தால் உடம்பு தானாகச் சிலிர்த்துவிடும், இயக்குநர் என்ன நினைத்து எடுத்திருந்தாலும். சோவியத் இயக்குநர் எலெம் கிளிமோவின் ‘கம் அண்ட் சீ’ (1985) இதற்கு ஒரு வழி கண்டது. நாஜிப் படை ஆக்கிரமித்த பெலாரஸில் ஒரு பையனின் கதை. பக்கத்தில் குண்டு வெடித்ததும் அவனுக்குக் காது அடைத்துவிடும்; அப்புறம் நமக்கும் அந்த ரீங்காரம்தான் கேட்கும். வீரச் சண்டை என்று ரசிக்க எதையும் தராமல், கேமரா அவன் முகத்தையே பார்க்கிறது. படம் முடிவதற்குள் அந்த முகம் கிழவன் முகம் ஆகிவிடுகிறது.

கேள்வி: இரண்டாம் உலகப் போரைப் பற்றித் தமிழில் நல்ல நாவல் இருக்கிறதா?

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. இன்றைய இந்தோனேசியாவின் மெடானிலும் மலேசியாவின் பினாங்கிலும் பிழைக்கப் போன தமிழர்கள் ஜப்பானிய ஆட்சிக்குள் சிக்குவதும், நாயகன் பாண்டியன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்வதும் கதை. சிங்காரமே மெடானில் வாழ்ந்தவர். முதல் சில பக்கங்கள் நடை பிடிபடாமல் தடுக்கும், விடாமல் படியுங்கள்.