கழிவு என்று எழுதும் அந்த இரண்டாவது கிலோ

ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

"சேர், எனக்கு வயது 26. நாங்கள் சைவம். கூடப் படித்த சிங்கள நண்பனோடு இரண்டு வருடமாகப் பௌர்ணமிப் போயாவுக்குப் பன்சலைக்கு (பௌத்த விகாரைக்கு) போய் பன்சில் (களவு செய்யாமை உட்பட்ட ஐந்து ஒழுக்க விதிகள்) எடுக்கிறேன். எங்கள் மலையில் 45 பேர் கொழுந்து எடுக்கிறார்கள். நாளுக்கு மூன்று நிறுவை. முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழ 18 கிலோ வேண்டும். சாக்குக்கும் ஈரத்துக்கும் சேர்த்து நிறுவைக்கு ஒரு கிலோ கழிப்பது பழைய வழக்கம். போன மாதத்திலிருந்து இரண்டு கிலோ கழித்து எழுதும்படி மேலேயிருந்து வாய்ச்சொல்லாகச் சொல்லியிருக்கிறார்கள். முடியாது என்றால் வேறு ஆளைப் போடுவார்களாம். அப்பா இல்லை, தங்கை ஏ.எல். படிக்கிறாள். சொன்னதைச் செய்கிற எனக்குப் பாவமா, சொன்னவருக்கா? பன்சில் எடுக்காமலே இருந்திருந்தால் இந்த மனக்கஷ்டம் இல்லையோ என்றும் தோன்றுகிறது. வேலையை விட்டுவிடவா?"

தம்பி, முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு பெண் நாள் முழுக்க 22 கிலோ எடுக்கிறாள். பழைய வழக்கப்படி மூன்று கிலோ போனால் 19. முழுப்பேர் விழும். புதிய உத்தரவுப்படி இன்னொரு மூன்று போனால் 16. அரைப்பேர். அவள் கை எடுத்த கொழுந்து ஒன்றுதான், மலை ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். சம்பளப் பதிவேடான செக்ரோலில் பாதி நாள் காணாமல் போய்விடுகிறது. 45 பேருக்கு நாளொன்றுக்கு 135 கிலோ. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக்கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆக, எடுத்தவர்களுக்குக் காசு கொடுக்காமலே தினமும் 30 கிலோ தேயிலை பெட்டிக்குள் போகிறது.

என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். அரைப்பேர் விழுந்த நாளில் அவர் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து வந்து இடுப்பில் கட்டும் படங்கைக் கழற்றி ஆணியில் மாட்டும் விதமே வேறு மாதிரி இருக்கும். அன்றைக்கு யாரும் கடைக்குப் போகக் கேட்கமாட்டோம். அதனால் இதை நான் நூல் விஷயமாக மட்டும் பார்க்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனி உங்கள் கேள்விகள். பாவம் யாருக்கு? இருவருக்கும்தான். களவு நிறைவேற ஐந்து அங்கங்கள் வேண்டும் என்று தேரவாத பௌத்த உரைகள் பிரித்துச் சொல்கின்றன. பொருள் பிறருடையதாக இருக்க வேண்டும், பிறருடையது என்று தெரிந்திருக்க வேண்டும், எடுக்கும் எண்ணம் வேண்டும், அதற்கான முயற்சி வேண்டும், அந்த முயற்சியால் பொருள் கைமாற வேண்டும். முயற்சியை விளக்கும்போது சொந்தக் கையால் செய்வது, பிறரை ஏவிச் செய்விப்பது என்று இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். ஏவியவர் தப்பமுடியாது. அதற்காகச் செய்தவரின் கை கழுவப்பட்டதாகவும் இல்லை.

ஆனால் இந்த ஐந்து அங்கங்களில் உங்களுக்கு உதவக்கூடிய ஒன்று இருக்கிறது. முதல் கிலோவும் இரண்டாவது கிலோவும் ஒன்றல்ல. சாக்கின் பாரமும் இலையில் ஒட்டிய தண்ணீரும் கொழுந்து இல்லை. அதை நியாயமாகக் கழித்தால் யாருடைய பொருளும் போகவில்லை. இரண்டாவது கிலோ அப்படி இல்லை. அது கொழுந்து என்று உங்களுக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும், சாக்கைத் தூக்கி வந்தவளுக்கு நன்றாகவே தெரியும். இந்த வித்தியாசத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நிறுவை மோசடி பௌத்தத்துக்குப் புதிய செய்தி இல்லை. புத்தரின் நீண்ட உபதேசங்களின் தொகுப்பான தீக நிகாயத்தின் முதல் சூத்திரமான பிரம்மஜாலத்தில், விலக்கவேண்டியவை வரிசையில் துலாகூடம், கம்சகூடம், மானகூடம் மூன்றும் வருகின்றன. பொய்த்தராசு, பொய் உலோகம், பொய்யளவு. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் எழுதிய உரை இதை இன்னும் விரிக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோலவே இரண்டு தராசு வைத்துக்கொண்டு, வாங்கும்போது ஒன்றிலும் கொடுக்கும்போது மற்றதிலும் நிறுப்பார்களாம். தராசுக்கோலின் உள்ளே குடைந்து இரும்புத்தூள் போட்டு, வாங்கும்போது ஒரு பக்கமும் கொடுக்கும்போது மறுபக்கமும் ஓடவிடுவார்களாம். உங்கள் மடுவத்தில் இருப்பது எண் காட்டும் தராசாக இருக்கலாம். அது உண்மையைத்தான் காட்டுகிறது. உங்கள் கையிலுள்ள பேனைதான் இப்போது இரும்புத்தூள்.

"எனக்காகவா செய்கிறேன், குடும்பத்துக்காகத்தானே" என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் தங்கையின் படிப்பைச் சொன்ன இடத்தில் அது ஒளிந்திருக்கிறது. நடுத்தர நீள உபதேசங்களின் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் தனஞ்ஜானி என்ற பிராமணன் வருகிறான். அரசனின் பேரைச் சொல்லிக் குடியானவரைச் சுரண்டுகிறான், குடியானவரின் பேரைச் சொல்லி அரசனைச் சுரண்டுகிறான். புத்தரின் தலைமைச் சீடர்களில் ஒருவரான சாரிபுத்தர் அவனைத் தேடிப்போய், கவனமாக இருக்கிறாயா என்று கேட்கிறார். தாய் தகப்பன், பெண்சாதி பிள்ளைகள், வேலைக்காரர், விருந்தாளிகள், இத்தனை பேரைத் தாங்குகிறவனுக்குக் கவனம் எங்கிருந்து வரும் என்கிறான் அவன். தாய் தகப்பனுக்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் நரகத்துக் காவலர் விட்டுவிடுவார்களா என்று சாரிபுத்தர் கேட்கிறார். மாட்டார்கள் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். இத்தோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் மிரட்டல்தான். சாரிபுத்தர் நிறுத்தவில்லை. அறத்துக்கு ஒத்த வேறு வேலைகள் இருக்கின்றன, அவற்றைக் கொண்டும் தாய் தகப்பனைத் தாங்கலாம் என்று சேர்த்துச் சொல்கிறார். குடும்பத்தை உதறு என்று அவர் சொல்லவே இல்லை.

பன்சில் எடுக்காமல் இருந்திருக்கலாமோ என்ற கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். தெரிந்து செய்கிற தவறு பெரிதா, தெரியாமல் செய்கிறது பெரிதா என்று மிலிந்த பஞ்ஹ என்ற நூலில் மிலிந்த அரசன் நாகசேனர் என்ற பிக்குவிடம் கேட்கிறான். தெரியாமல் செய்வதே பெரிது என்கிறார் நாகசேனர். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைச் சூடு தெரிந்து தொடுகிறவன் பயந்து பயந்து தொடுவான். தெரியாதவன் இறுக்கிப் பிடிப்பான். யாருக்குக் கூடச் சுடும்? பன்சில் உங்களுக்குப் பாவத்தைக் கூட்டவில்லை, சூட்டைக் காட்டியிருக்கிறது. இன்னொன்று, நீங்கள் வாயால் சொல்லும் 'சிக்காபதம் சமாதியாமி' என்பதற்குப் பயிற்சி விதியாக ஏற்கிறேன் என்றுதான் பொருள். தவறினால் திரும்ப எடுத்துப் பழகுகிற விஷயம் அது. சைவத்தை விடவேண்டிய அவசியமும் இதில் இல்லை.

சரி, நாளைக் காலை என்ன செய்வது? வேலையை விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், இப்போதைக்கு. நீங்கள் போனால் அடுத்து வருகிறவர் கூசாமல் இரண்டு எழுதுவார். ஆனால் இந்த வாதத்தில் ஒரு பொறி இருக்கிறது. 'நான் இல்லாவிட்டாலும் யாரோ செய்யத்தானே போகிறார்கள்' என்று சொல்லிக்கொண்டே ஆயுள் முழுக்க இரண்டு எழுதிவிடலாம். ஆகவே ஒரு கெடு வையுங்கள். அடுத்த சம்பளச் சீட்டு வரை போதும்.

அதற்குள் முதல் கிலோவை முதலில் சோதியுங்கள். மழை நாளில் பத்து வெற்றுச் சாக்குகளை நனைந்தபடியே நிறுங்கள். வெயில் நாளில் அதே பத்தையும் காய்ந்தபடி நிறுங்கள். திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஆனி ஆடி மழையில் ஒரு கிலோ நியாயமாக இருக்கலாம். தை மாசி வெயிலிலும் அதே ஒரு கிலோவா என்று அந்தக் கொப்பி சொல்லும். பழைய வழக்கம் என்பதாலேயே அது சரியாகிவிடாது. வழிவழியாக வந்தது என்பதற்காக எதையும் ஏற்காதீர்கள் என்று காலாமர் என்ற குலத்தாரிடம் புத்தர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

அப்புறம், எழுதும் முறை. மொத்தம், கழிவு, நிகரம் என்று மூன்று பத்தியாக எழுதுங்கள். தராசு காட்டும் எண்ணை ஆளின் பேரோடு சத்தமாகச் சொல்லுங்கள். கழிவு எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். மறைத்தால்தான் அந்த இரண்டாவது கிலோ உயிரோடு இருக்கும்.

மேலே இருப்பவரிடம் பேசத்தான் வேண்டும். உண்மையும் பயனும் உள்ள பேச்சைக்கூடப் புத்தர் நேரம் அறிந்தே சொல்வார் என்று அபய இளவரசனுக்குச் சொன்ன சூத்திரத்தில் இருக்கிறது. மடுவத்தில் 45 பேருக்கு முன்னால் கேட்காதீர்கள். அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். பின்னேரம், கொழுந்து லொறி போனபிறகு, கொப்பியோடு தனியாகப் போங்கள். "சாக்குக்கும் ஈரத்துக்கும் இவ்வளவுதான் வருகிறது. இதற்கு மேல் எழுதுவதென்றால் எழுத்தில் தாருங்கள் ஐயா" என்று சொல்லுங்கள். வாய்ச்சொல்லாக வந்த உத்தரவு கடதாசிக்கு வரத் தயங்கும். தொழிலாளியின் பலத்துக்கேற்ற வேலை கொடுப்பதும் உணவும் கூலியும் கொடுப்பதும் எசமானின் கடமைகள் என்று சிகாலோவாத சூத்திரம் சொல்வது அவர் பௌத்தராக இருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். அதை எடுத்து அவர் மண்டையில் அடிக்காதீர்கள். பன்சில் நீங்கள் எடுத்தது உங்களைத் திருத்த.

அவர் அசையாவிட்டால், தோட்டத்துச் சங்கத் தலைவரிடமும் தொழில் அலுவலகத்திடமும் அந்தக் கொப்பியைக் காட்டலாம். தராசிலேயே சந்தேகம் இருந்தால் அதை முத்திரையிட்டுப் பரிசோதிக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் இருக்கிறது. அதோடு இப்போதே வேறு வேலைக்கும் விண்ணப்பம் போட்டுவையுங்கள். மாற்று வழி ஒன்று கையில் இருந்தால் பேசும்போது குரல் நடுங்காது. தங்கையின் செலவுக்கும் அது காப்பு.

போன மாதம் எழுதியதை என்ன செய்வது? தன் மகன் ராகுலனுக்குப் புத்தர் சொன்னதுதான் என் பதில். பொய்யைப் பற்றி ராகுலனுக்குச் சொன்ன அந்த உபதேசத்தைப் படிக்கும்படி அசோகனே தன் கல்வெட்டு ஒன்றில் பரிந்துரைத்திருக்கிறான். கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார் புத்தர். பார்ப்பதற்கு என்கிறான் பையன். அப்படியே ஒரு காரியத்தைச் செய்யுமுன் பார், செய்யும்போது பார், செய்த பின்னும் பார், உனக்கோ பிறருக்கோ துன்பம் தருகிறதா என்று. தந்திருந்தால் ஆசிரியரிடமோ அறிவுள்ள தோழரிடமோ திறந்து சொல், இனிமேல் அடங்கு. வருந்துவதால் செய்தது செய்யாததாகிவிடாது என்றும் வேறோர் இடத்தில் சொல்கிறார். நீங்கள் எனக்கு எழுதியதில் பாதி முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்குப் பழைய நிறுவைக் கொப்பிகளைப் பத்திரமாக வையுங்கள். எந்த நாளில் யாருக்கு எவ்வளவு கூடக் கழித்தீர்கள் என்று நினைவிருக்கும்போதே தனியாக எழுதுங்கள். அரைப்பேர் விழுந்தவர்களின் நாள்களைத் திருத்தித் தரச்சொல்லிக் கேட்கும் வேளை வந்தால், அந்தப் பட்டியல் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

அடுத்த போயாவுக்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள் தம்பி. நனைந்த சாக்கு எத்தனை கிராம், காய்ந்தது எத்தனை கிராம் என்று.