நிற்காமல் போகிறவர்கள் முன்னால் வாசியுங்கள்

கேள்வி: எனக்கு 24 வயது. சின்ன வயதிலிருந்து வயலின் கற்கிறேன். அறைக்குள் தனியாக வாசித்தால் எனக்கே பிடிக்கும், ஆசிரியையும் பாராட்டுவார். மேடை ஏறினால் மட்டும் வில் பிடித்த கை நடுங்க ஆரம்பித்துவிடுகிறது. கடைசி நிகழ்ச்சியில் பாதியிலேயே நிறுத்திவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அப்புறம் மேடைப் பக்கமே போகவில்லை. தெருவோரம் நின்று கிடார் வாசிக்கும் தோழி ஒருத்தி, "என்னோடு வந்து வாசி, பயம் போய்விடும்" என்கிறாள். மேடையிலேயே நடுங்குகிறவள் தெருவில் எப்படி நிற்பேன்? அண்ணன் வேறு, "இத்தனை வருஷம் படித்தது தெருவில் வாசிக்கவா?" என்று கேட்கிறார். போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகப் போகலாம். ஆனால் பயம் போய்விடும் என்று நம்பிப் போகாதீர்கள். அப்படிப் போனால் முதல் நாள் கை நடுங்கியதுமே "இதுவும் எனக்குச் சரிப்படவில்லை" என்று வயலினைப் பெட்டிக்குள் வைத்துவிடுவீர்கள். பயம் இருக்கும்போதே வாசிக்கவும் முடியும் என்று உடம்புக்குக் காட்டத்தான் நீங்கள் தெருவுக்குப் போக வேண்டும். பயம் குறைவது அதன் பின்னால் மெதுவாக நடக்கும்.

முதலில் அந்த நடுக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பலர் பார்க்கிறார்கள் என்றதும் உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்தம் பெரிய தசைகளுக்குத் திரும்புவதால் விரல் நுனிகள் சில்லிட்டுப் போகின்றன. ஓடித் தப்பிக்க இதெல்லாம் உதவும், வயலின் வாசிக்கத்தான் உதவாது. அதிலும் நீண்ட சுரத்தை ஒரே வில்லில் மெதுவாக இழுக்கும்போது சின்ன நடுக்கம்கூடத் தந்தியில் கேட்டுவிடும். விறுவிறுப்பான பகுதியில் அதே நடுக்கம் யார் காதுக்கும் எட்டாது. உங்கள் கை மோசமான கை அல்ல. பயந்த உடம்பின் கை அப்படித்தான் இருக்கும்.

வயலின் குடும்பத்தின் பெரிய வாத்தியமான செல்லோவின் மேதை பாப்லோ காசல்ஸ் வாழ்நாள் முழுக்க மேடைப் பயத்தோடுதான் வாசித்தார். 1901இல் அமெரிக்காவில் ஒரு மலையில் ஏறியபோது பாறை ஒன்று உருண்டு விழுந்து அவருடைய இடது கையை நசுக்கியது. அந்த நொடியில் மனதில் முதலில் தோன்றியது, அப்பாடா, இனிமேல் செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கும் உங்கள் வயதுதான். கை குணமானது. அதன் பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாசித்தார்.

பாதியில் இறங்கி வந்ததற்காக உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருப்பீர்கள். அது வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் உள்ளுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். மேடையைவிட்டு இறங்கிய உடனே நெஞ்சு லேசாகியிருக்கும். மூளை அதைக் குறித்து வைத்துக்கொள்கிறது: ஓடினோம், பிழைத்தோம். அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக ஓடச் சொல்லும். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தால் பயம் ஒரு உச்சத்துக்குப் போய்விட்டுத் தானாக இறங்கத் தொடங்கியிருக்கும். அது இறங்குவதை நீங்கள் ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும். மேடையில் அந்த வாய்ப்பு எப்போதாவதுதான் வருகிறது. நடுவில் உள்ள மாதங்கள் முழுக்கப் பயம் வளர்ந்துகொண்டே இருக்கும்.

தெருவின் அருமை இங்கேதான். அங்கே உங்கள் பெயரை யாரும் அறிவிப்பதில்லை, முதல் வரிசை என்று ஒன்று கிடையாது. கேட்கிறவர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகிறார்கள். ஒரு இடத்தில் சுருதி பிசகினால் அதைக் கேட்டவர் அடுத்த முனை திரும்பியிருப்பார்; புதிதாக வருகிறவருக்கு நீங்கள் நன்றாக வாசிக்கும் ஒரு பெண், அவ்வளவுதான். ஒரே மாலையில் எத்தனையோ தடவை புதிதாகத் தொடங்கலாம். மேடை இதைத் தர முடியாது.

எப்படித் தொடங்குவது என்று கேட்டால், இடத்தைத்தான் முதலில் சொல்வேன். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி நில்லுங்கள். ஒலி சுவரில் பட்டு முன்னால் போகும். பின்னால் யாரோ நின்று பார்க்கிறார்கள் என்ற கூச்சமும் இருக்காது. பொது இடத்தில் வாசிக்க அனுமதி வேண்டுமா, எந்த நேரத்தில் வாசிக்கலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். உங்கள் தோழிக்குத் தெரிந்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல வயலினை வெயிலில் வைக்காதீர்கள். சூட்டில் பசை இளகிப் பலகை விட்டுப்போகும். பழைய வயலின் ஏதாவது இருந்தால் அதை எடுத்துப்போங்கள்.

முதல் சில தடவைகள் பெட்டியைத் திறந்து வைக்கவே வேண்டாம். பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனாலும் அழுத்தியே சொல்கிறேன். பெட்டி திறந்திருந்தால் விழுகிற ஒவ்வொரு காசும் மதிப்பெண் ஆகிவிடும்; விழாத காசு அதைவிடப் பெரிய மதிப்பெண் ஆகிவிடும். நீங்கள் வந்தது அதற்காக அல்ல. நின்று பழகிய பிறகு திறந்து வையுங்கள்.

எதை வாசிப்பது? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிப்பீர்களே, அந்த மாதிரி ஒன்று. வேகம் நடுத்தரமாக இருக்கட்டும். மெதுவாக இழுக்கும் உருப்படிகளைத் தள்ளிப்போடுங்கள், நடுக்கம் ஒளிந்துகொள்ள அவற்றில் இடமே இல்லை. இன்னொன்று: தெருச் சத்தத்தோடு போட்டி போடத் தோன்றும். வில்லை அழுத்துவீர்கள், ஒலி கரகரக்கும், தோள் இறுகும், உடனே "பயத்தில் கெடுத்துவிட்டேன்" என்று நினைப்பீர்கள். அது பயமே அல்ல, அழுத்தம். சத்தம் குறைவான மூலைக்கு நகர்ந்துவிடுங்கள்.

தொடங்கும் முன் மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். நடுக்கம் வந்தால் வரட்டும். அது வந்த நேரத்தில் நிறுத்தாதீர்கள், அந்த உருப்படியை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். கொஞ்சம் தணிந்த பிறகு கிளம்பினால் போதும். எல்லாவற்றையும்விட இது முக்கியம். கண்ணை மூடிக்கொண்டு வாசித்துத் தப்பிக்கவும் பார்க்காதீர்கள். முதல் நாள் எதிரே உள்ள மரத்தைப் பாருங்கள், அப்புறம் நடப்பவர்களின் காலை, அதற்கும் அப்புறம் முகங்களை. தோழியோடு சேர்ந்து வாசித்துத் தொடங்குவது நல்லது. ஆனால் அவர் இல்லாமலும் போகிற நாள் சீக்கிரமே வர வேண்டும், இல்லாவிட்டால் அவர் இருந்தால்தான் கை ஓடும் என்று ஆகிவிடும்.

சரி, அண்ணனுக்கு வருவோம். 2007 ஜனவரி 12 காலை, வாஷிங்டன் மெட்ரோ நிலையம் ஒன்றின் வாசலில் சாதாரண உடையில் ஒருவர் வயலின் வாசித்தார். கையில் இருந்தது 1713இல் செய்த, உலகப் புகழ்பெற்ற ஸ்ட்ராடிவேரியஸ் வகை வயலின். முதலில் எடுத்தது, ஜெர்மன் இசைமேதை பாக் எழுதிய, வயலின்காரர்கள் மலையாக நினைக்கும் 'சக்கோன்' என்ற உருப்படி. 43 நிமிடங்களில் 1,097 பேர் அவரைக் கடந்து போனார்கள். ஒரு நிமிடமாவது நின்று கேட்டவர்கள் ஏழே பேர். அவர் ஜோஷுவா பெல், உலகின் முன்னணி வயலின் கலைஞர்களில் ஒருவர். சில நாள் முன்புதான் பாஸ்டனில் நிறைந்த அரங்கில் வாசித்திருந்தார். பத்திரிகை ஒன்று நடத்திய சோதனை அது. ஒவ்வொரு உருப்படியும் முடிந்த பிறகு கைதட்டல் இல்லாமல் கழிந்த அந்த நொடிகள்தான் அவருக்கே சங்கடமாக இருந்தனவாம்.

இதை அண்ணனிடம் சொல்லுங்கள், உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். யாரும் நிற்காவிட்டால் நீங்கள் மோசமாக வாசித்தீர்கள் என்று பொருள் இல்லை. காலையில் வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். உருப்படி முடிந்ததும் வரும் அந்த வெறுமையை மட்டும் எதிர்பார்த்தே போங்கள். வில்லை இறக்கி, ஒரு மூச்சு விட்டு, அடுத்ததைத் தொடங்குங்கள். எங்கோ ஒரு குழந்தை அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தும். அப்போது அந்தக் குழந்தைக்காக வாசியுங்கள்.

தெருவோடு நின்றுவிடவும் கூடாது. மேடையில் உள்ள இரண்டு விஷயங்கள் தெருவில் இல்லை: நிசப்தம், காத்திருப்பு. பக்கவாட்டில் நின்று உங்கள் முறைக்காகக் காத்திருக்கும் நேரம்தான் பலருக்கும் வாசிப்பதைவிடக் கொடுமை. அதைத் தனியாகப் பழக வேண்டும். தெரிந்தவர்கள் நான்கைந்து பேரை அறையில் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே கொஞ்ச நேரம் காத்திருந்து, உள்ளே நடந்து வந்து, வணங்கி, பிறகு வாசியுங்கள். காத்திருக்கும்போது "அமைதியாக இரு" என்று உங்களுக்கே கட்டளை போடாதீர்கள், துடிக்கும் நெஞ்சு கேட்காது. "எனக்கு ஆர்வமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மற்றவர்கள் முன்னால் பாடப்போகும்போது இப்படிச் சொல்லிக்கொண்டவர்கள், "பதற்றமாக இருக்கிறது" என்று சொன்னவர்களைவிடப் பிசகில்லாமல் பாடினார்கள். நெஞ்சு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் துடிக்கிறது.

நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். இதயத் துடிப்பையும் நடுக்கத்தையும் தணிக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளைப் பல இசைக் கலைஞர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அவை ஆபத்து, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் குறைவாக உள்ளவர்களுக்கும் ஆகாது. தெரிந்தவர் கொடுத்தார் என்று வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். பயம் மேடையோடு நிற்காமல் கடைக்குப் போக, போனில் பேச, சாப்பிடும்போது யாராவது பார்க்க என்று எல்லாவற்றுக்கும் பரவியிருந்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். நான் சொன்ன இதே படிப்படியான பழக்கத்தை அவர் கூடவே இருந்து செய்யவைப்பார்.

இந்த வாரம் தோழியோடு போய் இடத்தை மட்டும் பாருங்கள். வயலின் வேண்டாம். அவர் வாசிக்கும்போது பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்தபடி நில்லுங்கள். எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள், எத்தனை பேர் பார்க்காமல் போகிறார்கள், தோழி தப்பு விடும்போது யாராவது கவனிக்கிறார்களா என்று பாருங்கள். அடுத்த வாரம் வயலினோடு போய் ஒரே ஒரு உருப்படி வாசியுங்கள்.