ஹலோவீனும் எலிவேற்றரும் (ஒக்ரோபர் 2020)

வணக்கம் அண்ணா,

ரொறன்ரோவின் ஸ்காபறோவில் ஒரு தொடர்மாடியில் பதினான்காவது மாடியில் இருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது. கோடை விடுமுறையிலேயே டைனோசர் உடுப்பு வாங்கி வைத்துவிட்டான். கட்டடத்துக்குள்ளேயே வேண்டிய அளவு கதவுகள் இருப்பதால் ஒவ்வொரு வருடமும் ஹலோவீனுக்கு வேடம் போட்டுக் கதவு தட்டி இனிப்பு வாங்குவது மாடி மாடியாக இங்கேதான் நடக்கும். இந்த முறை வீடு வீடாகப் போகவேண்டாம் என்று ஒன்ராறியோ மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரி 19ஆம் திகதி சொல்லிவிட்டார். என் கணவரோ, "தினமும் வகுப்பில் அத்தனை பிள்ளைகளோடு இருக்கிறான், ஒரு நிமிடம் கதவடியில் நின்று சொக்லேட் வாங்கினால் மட்டும் கொரோனா வருமோ?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் வரவில்லை. நீரிழிவுள்ள மாமியும் எங்களோடுதான் இருக்கிறா. ரொறன்ரோவுக்கு வெளியே எஜாக்ஸில் இருக்கும் மச்சாள், "இங்கே அப்படி ஒன்றும் சொல்லவில்லை, இங்கே கூட்டிக்கொண்டு வாங்கோ, பிறகு வீட்டில் சின்னதாகப் பார்ட்டி வைப்பம்" என்கிறா. வட்ஸ்அப்பில் சொக்லேட் உறையில் கிருமி என்று வீடியோ வருகிறது. இந்த வருடம் மறித்தால் பிள்ளையின் மனதில் அது நின்றுவிடாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவருக்கு எரிச்சல் வருவதில் நியாயம் இருக்கிறது. செப்ரெம்பரில் பாடசாலையைத் திறந்தார்கள். இந்த மாதம் 10ஆம் திகதி வரை ரொறன்ரோ உணவகங்களுக்குள் இருந்து சாப்பிடலாம் என்று விட்டிருந்தார்கள். இப்போது ஏழு வயதுப் பிள்ளையின் சொக்லேட் பையில் வந்து கை வைக்கிறார்கள். அதோடு பிரிட்டிஷ் கொலம்பியாவில் மாகாணச் சுகாதார அதிகாரி பொனி ஹென்றி கவனமாகப் போய் வாருங்கள் என்கிறார். எங்களைவிட நோய் அதிகமாக இருக்கும் கியூபெக்கிலேயே முதல்வர் லெகோ, சொந்த வீட்டாரோடு போகலாம் என்று விட்டிருக்கிறார். கலிபோர்னியாவில் லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் தடை என்று அறிவித்து, அடுத்த நாளே அதை வெறும் அறிவுரையாக இறக்கியது. சொல்கிறவர்களே இப்படி ஆளுக்கொரு பக்கம் நின்றால் கேட்கிறவர் என்ன செய்வார்?

ஆனாலும் வகுப்பறையையும் கதவடியையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாது. வகுப்பில் இருப்பது தினமும் அதே பிள்ளைகள். ஒருவருக்கு நோய் என்றால் ஆசிரியரிடம் பெயர்ப்பட்டியல் இருக்கிறது, உங்களுக்குத் தகவல் வரும். பிள்ளை படிக்கவேண்டும், பெற்றோர் வேலைக்குப் போகவேண்டும் என்பதற்காகத் தெரிந்தே ஏற்றுக்கொண்ட ஆபத்து அது. ஹலோவீன் இரவில் யார் யாருடைய கதவைத் தட்டினார்கள் என்று நவம்பர் 5ஆம் திகதி யாராலும் சொல்ல முடியாது.

சொக்லேட் உறையை முதலில் ஒதுக்கிவிடுவோம். உணவாலோ அதன் உறையாலோ இந்த நோய் பரவியதாக ஆதாரம் இல்லை. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டால் போதும். அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஹலோவீன் இனிப்பைப் பற்றிய பயம் கொரோனாவுக்கு முந்தியது. அந்நியர் கொடுத்த இனிப்பால் பிள்ளைகள் செத்தார்கள் என்ற கதைகளை அமெரிக்கச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல பத்தாண்டுச் செய்திகளில் தேடிப் பார்த்தார். அப்படி உறுதியான ஒரு மரணம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சாசில் ஒரு சிறுவன் சயனைட் கலந்த ஹலோவீன் இனிப்பைத் தின்று இறந்தது உண்மை. ஆனால் கலந்தவர் காப்புறுதிப் பணத்துக்கு ஆசைப்பட்ட சொந்தத் தகப்பன். பிள்ளைகளை உண்மையில் கொல்வது கார். 1975 முதல் 2016 வரையான அமெரிக்க விபத்துத் தரவைக் கனடிய ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஹலோவீன் மாலையில் தெருவில் நடப்பவர் வாகனம் மோதி இறக்கும் ஆபத்து மற்ற மாலைகளைவிட 43 வீதம் அதிகமாக இருந்தது. அதைப் பற்றி வட்ஸ்அப்பில் எனக்கு ஒரு வீடியோவும் வந்ததில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது கட்டடம்தான். தனி வீடுகள் உள்ள தெருவில் பிள்ளை வெளிக்காற்றில் நிற்கிறது, வாசலில் எட்டி நின்று வாங்குகிறது. தொடர்மாடியில் யன்னல் இல்லாத நடைபாதை, அதன் நடுவில் எலிவேற்றர். எத்தனை பேர் ஏறலாம் என்று வாசலில் ஒட்டியிருந்தாலும், அன்று மாலை ஒரு ட்ராகுலாவும் இரண்டு இளவரசிகளும் அவர்களின் தாய்மாரும் ஓடி வந்து ஏறும்போது யார் இறங்கப்போகிறார்கள்? கத்திச் சிரிக்காத பிள்ளை ஹலோவீனுக்கு வெளிக்கிடாது. காற்று நகராத இடத்தில் கத்துவதைத்தான் இந்த வருடம் தவிர்க்கவேண்டியிருக்கிறது.

கதவைத் திறக்கிறவரையும் பாருங்கள். நாங்கள் எல்லோரும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே என்றுதான் கேட்கிறோம். பெரும்பாலும் ஆகாது, இந்த நோய் சிறு பிள்ளைகளை அவ்வளவாக வாட்டுவதில்லை. ஆனால் நீங்கள் வேலைக்குப் போனபின் அந்தக் கட்டடத்தில் பகல் முழுக்க இருப்பது யார்? அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும். அன்று கிண்ணத்தோடு கதவடியில் நிற்பதும் அவர்கள்தான். வருடம் முழுக்க யாரும் தட்டாத கதவை அன்றைக்கு முப்பது பிள்ளைகள் தட்டுவது அவர்களுக்கும் பெரிய சந்தோஷம். முப்பது பிள்ளைகளுக்கும் கிட்டக் குனிந்து, "நீங்கள் யாருடைய பிள்ளை?" என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவு ஜூலையில் வெளியிட்ட கணக்கும் நினைவில் இருக்கட்டும். இனப்பின்னணி பதியப்பட்ட நோயாளிகளில் 83 வீதம் பேர் வெள்ளையர் அல்லாதவர்கள். நகரச் சனத்தொகையில் நாங்கள் 52 வீதம்தான். இது எங்கள் உடம்பின் கோளாறு இல்லை. தொழிற்சாலைக்கும் முதியோர் இல்லத்துக்கும் களஞ்சியசாலைக்கும் வேலைக்குப் போய், ஒரே வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிறவர்களின் கணக்கு. உங்கள் கட்டடத்தைப் போன்ற கட்டடங்களின் கணக்கு.

ஆகவே உங்கள் கட்டடத்தில் இந்த வருடம் வேண்டாம் என்பதுதான் என் பதில். தனி வீட்டுத் தெருவிலிருந்து, நோய் குறைவான ஊரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தால் வேறு பதில் எழுதியிருப்பேன். வீதியோரம் ஒரு மேசை, இடைவெளி விட்டு வைத்த சிறு பைகள், வீட்டுக்காரர் எட்ட நின்று கை காட்டுவது. கதவடிக்குப் போவதை அதிக ஆபத்து என்று வகைப்படுத்திய அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே இந்த முறையை நடுத்தரம் என்றுதான் வைத்திருக்கிறது. சின்சினாட்டியில் ஒரு தகப்பன் ஆறடிக் குழாயைப் படிக் கைப்பிடியில் கட்டி, மேலே போட்ட இனிப்பு கீழே பிள்ளையின் பையில் விழும்படி செய்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது. பதினான்காவது மாடியில்தான் அது சரிவராது. இன்னொன்று, டைனோசர் முகமூடி மாஸ்க் ஆகாது. மாஸ்க்கின் மேல் அதைப் போட்டாலும் பிள்ளைக்கு மூச்சு முட்டும்.

மனதில் நிற்காதா என்று கேட்டிருந்தீர்கள். நிற்கும், நிற்கட்டுமே. இந்த வழக்கம் ஒன்றும் ஆதிகாலத்திலிருந்து இடையறாமல் வந்ததல்ல. இனிப்புத் தராவிட்டால் குறும்பு செய்வோம் என்று பிள்ளைகள் கதவு தட்டுவது கனடியப் பத்திரிகைகளில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் தென்படத் தொடங்குகிறது. 1927இல் அல்பேர்ட்டாவின் பிளாக்கி என்ற சிற்றூரிலிருந்து ஒரு செய்தி இருக்கிறது. 1918இன் ஸ்பானிஷ் காய்ச்சலில் வட அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஹலோவீன் விருந்துகளைத் தடுத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் சீனிக்குப் பங்கீடு வந்தபோது இனிப்புக் கேட்டுப் போவதும் ஓய்ந்துபோனது. சீனி திரும்பியதும் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பியது. உங்கள் மகனின் டைனோசர் அடுத்த வருடம் அளவு காணாது என்பது மட்டும்தான் உண்மையான நட்டம்.

அதற்கும் வழி இருக்கிறது. இந்த முறை 31ஆம் திகதி சனிக்கிழமை. வெளிச்சம் இருக்கும்போதே உடுப்பைப் போட்டுத் தொம்சன் பூங்காவில் நடக்கவிடுங்கள். தூரத்திலிருந்து யாராவது டைனோசர் என்று கத்துவார்கள், அவனுக்கு வேண்டியதில் பாதி அதுதான். மறுபாதிக்கு வீட்டுக்குள் அறைக்கதவுகளைத் தட்டட்டும். ஒவ்வொரு கதவின் பின்னாலும் ஆள் மாறி மாறி நில்லுங்கள். உங்கள் மாமியிடம் கிண்ணத்தைக் கொடுத்துவிடுங்கள், அவ அளவு பார்த்துக் கொடுக்கமாட்டா.

எஜாக்ஸைப் பற்றி. வீடு வீடாகப் போகவேண்டாம் என்று மாகாணம் சொன்ன இடங்களின் பட்டியலில் ரொறன்ரோ, பீல், யோர்க், ஒட்டாவா என்று இருக்கிறது, எஜாக்ஸ் இருக்கும் டர்ஹம் இல்லை. எங்கள் பக்கத்துக் கார்கள் அன்று மாலை ரூஜ் ஆற்றைத் தாண்டி எஜாக்ஸ் பக்கம் வரிசையில் போகும் என்று எனக்குத் தெரியும். நோய் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்க் கதவு தட்டவைப்பது மச்சாளின் அயலவருக்கு நாங்கள் செய்யும் மரியாதை அல்ல. அந்தப் பார்ட்டியோ நீங்கள் கேட்ட எல்லாவற்றிலும் மோசமானது. யன்னல் பூட்டி, ஹீற்றர் போட்டு, பிள்ளைகள் நிலக்கீழ் அறையிலும் பெரியவர்கள் குசினியிலுமாக மூன்று மணித்தியாலம். கதவடியில் நின்று வாங்குவதை மறித்துவிட்டு இதற்குப் போவதானால், மறிக்காமலே விட்டிருக்கலாம். சும்மா வாசலில் பையைக் கொடுத்துவிட்டு வருவோம் என்று கணவர் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். "இவ்வளவு தூரம் வந்திட்டு, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று மச்சாள் கேட்பா. உங்களால் மறுக்க முடியாது.

அன்புடன்,
அண்ணா